அடுத்தவர் கைக்குத் தாங்குகிற கோடு

என் முதல் சுவர் 40 அடி நீளம், 9 அடி உயரம். ஒரு நூலகத்தின் பக்கவாட்டுச் சுவர். ஓவியக் கல்லூரி முடித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. "அக்கம்பக்கத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டு வரையுங்கள்" என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார்கள். நானும் சேர்த்துக்கொண்டேன். எப்படி என்றால், வீட்டில் மூன்று வாரம் தனியாக உட்கார்ந்து ஓவியத்தை முடித்து, கட்டம் போட்டுச் சுவரில் ஏற்றி, அவுட்லைன் எல்லாம் அடித்துவிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாள் மட்டும் எல்லோரையும் வரச்சொல்லி ஆளுக்கொரு பிரஷைக் கையில் கொடுத்தேன். ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். நல்ல கூட்டம், நல்ல சிரிப்பு, ஏகப்பட்ட போட்டோ.

ஞாயிறு இரவு எல்லோரும் போன பிறகு டார்ச்சை ஏணியில் கட்டி வைத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி வழிந்ததையெல்லாம் சரிசெய்தேன். திட்டுத்திட்டாக இருந்த வானத்தை முழுசாக மறுபடி அடித்தேன். விடிகிற நேரத்தில் சுவர் என் படத்தைப் போலவே இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், சுவரில் மூக்கு உரசும்படி நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடுற?"

"நான் அடிச்ச நீலம், அக்கா. இங்கதான் இருந்துச்சு. பிரஷ் முடி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் அடையாளம் வச்சிருந்தேன்."

அந்த முடியை முந்தின இரவு நகத்தால் கிள்ளி எடுத்தது நான்தான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. "காய்ஞ்சா அப்படித்தான் தெரியும்" என்று ஏதோ உளறினேன். அவள் நம்பவில்லை.

ஆறு மாதத்தில் அந்தச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், ஆணி அடித்துவிட்டார்கள், யாரோ பேனாவால் கணக்குப் போட்டிருந்தார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அங்கே தினமும் நடந்துபோகிற ஒருவருக்கும் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஏன் தெரிய வேண்டும்? அவர்கள் அடித்தது எதுவும் அந்தச் சுவரில் மிச்சம் இல்லையே.

இந்த மாதிரி வேலையில் இறங்கப்போகிற தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மக்களோடு சேர்ந்து செய்வதென்றால் நம் திறமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது, கிறுக்கலையும் பொறுத்துக்கொள்வது என்று அப்போது நினைத்திருந்தேன். நிறையப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே குறைபட்டது என் திறமைதான். பழகாத ஒரு கை பட்ட உடனே கெட்டுப்போகிற மாதிரி ஒரு படத்தைப் போட்டது யார்? மெல்லிய கோடு, வழவழப்பான வானம், பத்துப் பதினைந்து நிறங்களின் நுணுக்கம். அதை வைத்துக்கொண்டு அறுபது பேரைக் கூப்பிட்டால் இரவில் டார்ச் அடிக்க வேண்டியதுதான். அறுபது கைகள் பட்டும் நிற்கிற படத்தைப் போடுவது தனி வித்தை. அதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை, பாடத்திலும் இல்லை.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் நகரத் திட்டமிடலில் மக்களின் பங்கு பற்றி 1969-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணி வரும். அடிப்படியில் மக்களைச் சேர்த்துக்கொண்ட மாதிரி வெறுமனே காட்டிக்கொள்வது. அப்புறம் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, வாயை அடைக்க ஏதோ கொஞ்சம் கொடுப்பது என்று ஏறிக்கொண்டே போய், உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரமே மக்கள் கையில் இருக்கும். சுவரோவியத்துக்காக எழுதியது இல்லை அது. ஆனாலும் ஒவ்வொரு வேலைக்கு முன்பும் அந்த ஏணியை ஒரு தாளில் வரைந்து, நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு புள்ளி வைத்துக்கொள்வேன். நூலகச் சுவரில் கருத்துக் கேட்கும் படிக்குக்கூட நான் ஏறியிருக்கவில்லை. எல்லா வேலையும் உச்சிப்படிக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. நாலாம் படியில் நின்றுகொண்டு எட்டாம் படி என்று போஸ்டர் அடிக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது சுவர் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர், 70 அடி. இந்தத் தடவை நான்கு வாரம் பிரஷையே தொடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு மடக்கு மேஜை, ஒரு கட்டுத் தாள், கொஞ்சம் பென்சில். தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்களிடம் "இந்தச் சுவரில் என்ன இருந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டேன்.

படு தோல்வி. முதல் வாரத்தில் கிடைத்தவை: புறா, மரம், உலக உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள், மறுபடி புறா. அவர்கள் மேல் குற்றமில்லை. அப்படிக் கேட்டால், சுவரில் வழக்கமாக என்ன பார்த்திருக்கிறார்களோ அதைத்தான் சொல்வார்கள். கேள்வி மொட்டையாக இருந்தது.

இரண்டாம் வாரம் கேள்வியை மாற்றினேன். "பழுதாகியும் தூக்கிப்போட மனசு வராத பொருள் ஒன்று உங்கள் வீட்டில் இருக்குமே, அதைக் கொண்டுவந்து காட்ட முடியுமா?" மறுநாளே மேஜை நிறைந்துவிட்டது. நின்றுபோன சுவர்க்கடிகாரம், ஒரு கை இல்லாத பொம்மை, ரேடியோ, சைக்கிள் பெல், மூக்குக் கண்ணாடியின் வெறும் பிரேம், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு கொத்துச் சாவி. ஒவ்வொன்றுக்கும் கதை கேட்க நேரம் போதவில்லை. புறாவைக் கேட்ட அதே ஆள்தான் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து இருபது நிமிடம் பேசினார்.

ஒரு பெரியவர் கத்தரிக்கோலோடு வந்தார். நாற்பது வருடம் தையல் வேலை பார்த்தவராம். கத்தரியின் ஆணி தளர்ந்து இரண்டு அலகும் ஆடிக்கொண்டிருந்தது. பென்சிலை நீட்டினேன்.

"எனக்கு வரைய வராதும்மா. நீயே போட்டுக்கோ."

"சும்மா சுத்திக் கோடு இழுங்க ஐயா, போதும்."

பென்சிலை ஒதுக்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தேய்ந்துபோன ஒரு தையல் சாக்பீஸை எடுத்தார். கத்தரியைத் தாளில் வைத்து இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். கைப்பிடி வளையத்தில் தொடங்கி, அலகின் முனை வரை போய்த் திரும்பி, கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. வளைவில் சாக்பீஸைச் சரித்துக்கொண்டார், நேர்கோட்டில் நிமிர்த்திக்கொண்டார். துணியில் இழுத்துப் பழகிய கை. தொடங்கிய இடத்தில் கோடு வந்து முட்டியபோது ஒரு நூலிழைகூடப் பிசகவில்லை. ஐந்து வருடம் ஓவியம் படித்த எனக்கு அந்தக் கோடு வராது. கூச்சத்தோடு தாளை என் பக்கம் தள்ளி, "இதெல்லாம் வரையறதா?" என்றார்.

அதிலிருந்துதான் சுவருக்கு வழி பிறந்தது. வரையத் தெரியாதவர் என்று யாரும் இல்லாமல் செய்துவிடலாம். பொருளை வைத்துச் சுற்றிக் கோடு இழுக்க எல்லோருக்கும் வரும். பெரிதாக்க வேண்டுமென்றால் நிழல் இருக்கிறது. இருட்டிய பிறகு சுவருக்கு முன்னால் பொருளைப் பிடித்து, பின்னாலிருந்து விளக்கடித்து, விழுகிற நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் இழுத்தோம். விளக்குக்குப் பக்கத்தில் பொருளைக் கொண்டுபோனால் நிழல் பெருகும், சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சுருங்கும். பெரிய விளக்கைவிட போனில் இருக்கிற சின்ன லைட்டுக்கு ஓரம் கூர்மையாக விழும். ஒன்று மட்டும் கவனம்: விளக்கைச் சரித்துப் பிடித்தால் நிழலும் இழுபட்டுப் போகும். சில குழந்தைகள் வேண்டுமென்றே சரித்துப் பிடித்தார்கள். எட்டடி உயரக் கண்ணாடி பிரேம் ஒன்று அப்படிக் கோணலாகவே சுவரில் நிற்கிறது.

சட்டம் இரண்டே இரண்டு வைத்தேன். ஒன்று, உருவத்தின் வெளிக்கோடு மட்டும்தான், உள்ளே விவரம் கிடையாது. இரண்டு, ஐந்து நிறம்தான். இரண்டு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அந்த இடத்துக்கு மூன்றாவது ஒரு நிறம். கட்டு குறைவாகவும் கறாராகவும் இருந்தால் உள்ளே ஆட்களுக்குத் தாராளம் கிடைக்கும் என்பதை நான் கற்றது எய்ட்ஸ் நினைவுப் போர்வையிடம். எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாகப் பலர் தைத்த துணித் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்தது அது. 1987 அக்டோபரில் வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியில் அதை முதன்முதலில் விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. அந்த அளவுக்குள் சட்டையைத் தைத்தார்கள், போட்டோ ஒட்டினார்கள், பொம்மை வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆட்கள் தைத்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டதற்கு அந்த அளவு ஒன்றுதான் காரணம்.

ஐந்து நிறம் எது என்பதற்கு வாக்கெடுப்பு வைத்தோம். நான் தோற்றேன். நான் ஆசைப்பட்ட பளீர் ரோஸ் ஐந்தாவது இடத்தில் தொங்கிக்கொண்டு வந்தது, எனக்குப் பிடிக்கவே பிடிக்காத துரு நிறம் முதலிடம். "துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இந்தக் கலர்தான் அழுக்குத் தெரியாது" என்று ஒரு அம்மா வாதாடி ஜெயித்துவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், மறைப்பதற்கில்லை. இரண்டு வெயில் காலம் போன பிறகு பார்த்தால் ரோஸ் வெளுத்துத் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது, துரு நிறம் அப்படியே இருக்கிறது. இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் செங்காவி, பழுப்பு, மஞ்சள் காவி போன்றவை வெயிலில் எளிதில் வெளுக்காது. பளீர் ரோஸ்களில் பல சீக்கிரம் போய்விடும். வாங்கும்போதே டப்பாவில் வெளியே அடிக்கிற வகையா என்று பாருங்கள். வாக்கெடுப்புக்கு வைக்கிற பட்டியலில் நிற்கிற நிறங்களை மட்டுமே வையுங்கள். ஜெயித்த பிறகு ஒரு நிறத்தை வெட்டுவதைப் போல நம்பிக்கையைக் கெடுக்கிற காரியம் வேறு இல்லை.

சுவர் விஷயத்திலும் என்னைக் காப்பாற்றியது அங்கே குடியிருந்த ஒரு கொத்தனார். "கீழே ரெண்டடி ஓதம் ஏறுது தங்கச்சி, அங்க எது அடிச்சாலும் உப்புப் பூத்து உரிஞ்சிடும்" என்றார். சந்தேகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டோம். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். கீழ் இரண்டடியை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மேல்தான் பிரைமர் அடித்தோம். புதுப் பூச்சு என்றால் நாலு வாரமாவது காயவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

ஏணியில் ஏற முடியாதவர்களுக்கு என்ன செய்வது? மேஜையில் உட்கார்ந்தே வரைய ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1984-ல் சுவர்க் கிறுக்கலை ஒழிக்கும் நகராட்சித் திட்டத்துக்குள் தொடங்கி, சுவரோவிய இயக்கமாகவே வளர்ந்த ஒரு முயற்சி இருக்கிறது. அவர்கள் மெல்லிய, நெய்யாத துணித் துண்டுகளில் வரையவைத்து, பிறகு அக்ரிலிக் ஜெல் தடவிச் சுவரில் ஒட்டுகிறார்கள். சிறைக்குள் இருப்பவர்கள் வரைந்ததும் அப்படி வெளியே வந்து சுவரேறியிருக்கிறது. நாங்கள் ஆறு உருவங்களை அந்த முறையில் செய்தோம். சக்கர நாற்காலியில் இருந்த ஓர் அக்கா மட்டுமே அதில் மூன்றை அடித்தார். ஒட்டும்போது காற்றுக் குமிழி நிற்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் முதல் துண்டு தோல் வெந்த மாதிரி பொங்கி நின்றது, பிய்த்து மறுபடி ஒட்டினோம்.

ஆள் எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். முதல் நாள் 60 பேர் வந்தால் மூன்றாம் நாள் 9 பேர்தான் இருப்பார்கள். வேலையை அந்த 9 பேருக்குக் கணக்குப் போடுங்கள். இளைஞர்கள் தொடர்ந்து வர வேண்டுமென்றால் கூலி கொடுக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஜூடித் பாக்கா என்ற ஓவியர் லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில் 1976-ல் தொடங்கி 2,754 அடிக்கு ஓவியம் எழுப்பினார். அதில் வேலை செய்த இளைஞர்கள் 400-க்கும் மேல். அவர்களில் பலர் போலீஸ் கேஸில் சிக்கி வந்தவர்கள். கோடைக்காலச் சம்பள வேலையாகத்தான் அது நடந்தது. கூலிக்கு வழியில்லை என்றால் நேரத்தையாவது சுருக்கிக் கேளுங்கள், ஆளுக்கு இரண்டு மணி நேரம்.

வேலை எவ்வளவு மிச்சம் என்று எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஜோசப் பாய்ஸ் என்ற ஜெர்மன் கலைஞர் 1982-ல் ஜெர்மனியின் காஸல் நகரில் 7,000 மரம் நடத் தொடங்கியபோது, 7,000 பாசால்ட் கற்களை அருங்காட்சியகத்துக்கு முன்னால் குவித்துவிட்டார். ஒரு மரம் நட்டால் ஒரு கல் அதன் பக்கத்துக்குப் போகும். குவியல் கரைவதை ஊரே பார்த்தது. 1986-ல் அவர் இறந்தார், கடைசி மரம் 1987-ல் நடப்பட்டது. எங்களிடம் கல்லுக்கு எங்கே போக? 43 பொருள், 43 அட்டை. எல்லாவற்றையும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, உருவம் முடிந்ததும் அட்டையைக் கழற்றி உரியவரிடம் கொடுத்தோம். கடைசி வாரம் கயிற்றில் நாலு அட்டைதான் மிச்சம். அந்த நாலு பேர் மற்றவர்களை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைக்க வேண்டாம். ஒருவர் தன் உறவினரின் முகத்தை நடுவில் பெரிதாகப் போடச் சொல்லி மூன்று நாள் நின்றார். "முகம் போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை, நம் எல்லோருக்கும் வைத்த சட்டம் வெளிக்கோடு மட்டும்தான்" என்றேன். சட்டத்தை முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்டியிருந்ததால் தப்பித்தேன். பிரஷைக் கீழே வைக்காமல் மற்றவர் இடத்திலும் அடித்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பெயின்ட் கலக்கும் பொறுப்பில் போட்டோம். டப்பாக்களில் எண் எழுதி, சுவரிலும் அதே எண்ணைச் சாக்பீஸால் குறித்து, எவன் எதை எடுத்தாலும் குளறாத மாதிரி ஒரு கடையே நடத்தினான்.

எழுத்தில் வாங்க வேண்டியவற்றை எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்: சுவருக்குச் சொந்தக்காரரின் அனுமதி, எத்தனை வருடம் இருக்கும், யார் பராமரிப்பார்கள், குழந்தைகளின் போட்டோவுக்குப் பெற்றோர் சம்மதம், பெயர்ப் பட்டியலை எங்கே எழுதுவது. உங்கள் சம்பளத்தில் அந்த நான்கு வார மேஜையையும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, வரைந்த நாட்களுக்கு மட்டும் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒரு நேர்முகத்தில் இந்தச் சுவரின் படத்தைக் காட்டியபோது எதிரில் இருந்தவர் கேட்டார்: "இதில் நீங்கள் வரைந்தது எது?" வாயடைத்துப் போனேன். சாவியும் கத்தரியும் என் கோடு இல்லை, நிறம் நான் கேட்டது இல்லை. இப்போதெல்லாம் அந்தக் கேள்விக்கு ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். முதல் வாரத்துப் புறாக்கள், மாற்றிய கேள்வி, சட்டம் எழுதிய தாள், வாக்குச் சீட்டு, எண் போட்ட டப்பாக்கள், எல்லாவற்றின் படமும் வரிசையாக இருக்கும். நான் போட்டது அதுதான் என்று காட்டுவேன். சிலருக்குப் புரியும். புரியாத இடத்தில் எனக்கு வேலை கிடைப்பதில்லை, சரி.

தனியாக வரையும்போதும் கை மாறியிருக்கிறது. நிறம் குறைந்துவிட்டது. ஒரு கோட்டை ஏன் அங்கே வைத்தேன் என்று கேட்டால் இப்போது பதில் இருக்கிறது. 43 பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

போன மாதம் அந்தச் சுவரைப் பார்க்கப் போனேன். நோட்டீஸ் எதுவும் இல்லை. நாங்கள் அடிக்காமல் விட்ட கீழ் இரண்டடியில், ஓதம் பூத்த இடத்திலேயே, யாரோ புதிதாக ஓர் உருவம் போட்டிருக்கிறார்கள். ஒரு ரப்பர் செருப்பின் வெளிக்கோடு, ஒற்றைச் செருப்பு. பச்சை. எங்கள் ஐந்து நிறத்தில் பச்சை கிடையாது. தையல்காரர் ஐயாவிடம் கேட்டேன், தெரியாது என்றார். பெயின்ட் கடை நடத்திய பையனும் தெரியாது என்றான். ஆனால் அவன் சட்டைக் கையில் கொஞ்சம் பச்சை ஒட்டியிருந்தது.